பதினெட்டுச் செய்திகள்

கெல்ட்ரன் ஆய்வுக்கூடத்தில் வராத செய்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்தச் சுவரிலும் இது எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை; பணியில் சேரும்போது கையெழுத்திடும் தாள்களிலும் இல்லை. ஆனாலும் நாங்கள் பதினான்கு பேரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தோம். ஓடும் வண்டி ஒன்றிலிருந்து புறப்பட்ட செய்தி இன்னொரு வண்டியை அடைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளப்பதும் அந்த நேரத்தைக் குறைப்பதும்தான் எங்கள் பிழைப்பு. அடைந்த செய்திகளின் நேரத்தையெல்லாம் கூட்டி, அடைந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரித் தாமதம் கிடைக்கும். அடையாதவற்றுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. நேரமில்லாத ஒன்றைச் சராசரியில் சேர்க்க வழியில்லை. ஆகவே அவை அட்டவணையில் வருவதில்லை. அட்டவணையில் இல்லாதவை அறிக்கைக்குப் போவதில்லை. அறிக்கையில் இல்லாதவற்றைப் பற்றிக் காபிக் கோப்பையோடு நிற்கும்போதுகூட எவரும் வாய் திறப்பதில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் நான் கேட்டேன். எங்கள் தலைவர் லிண்டால் என் மேசைக்குப் பின்னால் நின்று என் முதல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராம போனதை எந்தக் கட்டத்துல போடணும்?"

"வரலைன்னு நீயே சொல்ற. அப்புறம் என்னத்தைப் போடுவ, ரோனா?"

அவர் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை. குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது போல இருந்தது. சுற்றியிருந்தவர்கள் தலையை உயர்த்தவில்லை. அந்த உயராத தலைகளிடமிருந்துதான் நான் பாடம் கற்றேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் டாரன்ட் மேட்டில் பனி மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. வானம் தெளிந்திருக்கும்போதே சாலை மறைந்துவிடும். எண்பதாம் நெடுஞ்சாலையில் வயோமிங்கைக் கடக்கும் லாரிகளுக்கும், அந்தச் சாலையைத் திறந்து வைத்திருக்கும் பனி தள்ளும் வண்டிகளுக்கும் நாங்கள் பெட்டி பொருத்தினோம். கூரையில் ஓர் ஆன்டெனா, ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிறு திரை. நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் இந்தத் திசையில் போகிறேன் என்று நொடிக்குப் பத்து முறை அந்தப் பெட்டி சுற்றிலுமுள்ள வண்டிகளுக்குச் சொல்லும். கண் தோற்கும் இடத்தில் செய்தி ஜெயிக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

சிக்கல் மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. காற்று மிகுந்து சாலையை மூடும்போதெல்லாம் பென்னிங் லாரி நிறுத்தத்தில் முந்நூறு வண்டிகள் வந்து ஒதுங்கும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டுநர் உள்ளே குளிர்காய்ந்துகொண்டிருப்பார். முந்நூறு பெட்டிகளும் நான் இங்கே இருக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அலைவரிசை ஒன்றுதான், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எவர் பேச்சும் எவர் காதிலும் விழாது. மேட்டின் மேல் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் குரல் இந்த இரைச்சலில் அமுங்கிப் போகும்.

இதை நேரில் பார்க்க, இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு நாள் வெர்லின் ஸ்டாடர்டின் பனி தள்ளும் வண்டியில் ஏறினேன். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த மேட்டில் பனி தள்ளுகிறவர். தடித்த கழுத்து, மெல்லிய குரல். காலை ஐந்து மணிக்கு வண்டிக்குள் ஏறியதிலிருந்து பெட்டி கத்திக்கொண்டே இருந்தது.

"ஏ காலேஜு, இந்தச் சனியன் எதுக்கு இப்படிக் கத்துது?"

"நிக்கிற லாரி ஒண்ணு பக்கத்துல இருக்குன்னு சொல்லுது."

"எங்க நிக்குது?"

"பென்னிங் நிறுத்தத்துல."

"அதுக்குள்ள இருக்கிறவன் என்ன பண்றான்?"

"தூங்குவான்னு நெனக்கிறேன்."

"தூங்குறவன் எனக்கு எதுக்கு முந்நூறு தடவை போன் பண்றான்?"

அவர் கையுறையைக் கழற்றி ஒலிபெருக்கியின் மேல் வைத்து அழுத்தினார். அது போதாமல் குனிந்து பெட்டிக்கு மின்சாரம் வரும் வயரையே பிடுங்கினார். வண்டிக்குள் காற்றின் ஓசை மட்டும் மிஞ்சியது.

"பத்து பேர்ல எட்டு பேர் இதைத்தான் பண்றோம். உங்க ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லு. சும்மா நிக்கிறவன் வாயை முதல்ல மூடச் சொல்லு. அப்புறம் நான் புடுங்க மாட்டேன், சத்தியமா."

அன்று மாலையே நான் சொன்னேன். மூன்று மாதத்தில் திருத்தத்தை எழுதியும் முடித்தேன். நின்றுவிட்ட வண்டியின் இடம் மாறுவதில்லை. மாறாத ஒன்றை நொடிக்குப் பத்து முறை சொல்லத் தேவையில்லை. நின்று பத்து நொடி ஆனதும் பெட்டி ஐந்து நொடிக்கு ஒருமுறை மட்டும் பேசும். அதுவும் தாழ்ந்த குரலில், நூற்றைம்பது மீட்டருக்கு மேல் போகாத வலிமையில். ஆபத்து விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும் வண்டிக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன்: அது முழுக் குரலில் பேசலாம். ஆனால் பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு வேலை நேரம் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும். பெட்டிக்கு அதுவும் ஆபத்து விளக்குதான். கொட்டகையில், சாலையில் தூவ உப்பு ஏற்றிக்கொள்ள நிற்கும் நாற்பது வண்டிகளும் அந்த விளக்கைக் காட்டி விலக்குக் கேட்டால் திருத்தத்தால் என்ன பயன்? ஆகவே ஒரு வரி சேர்த்தேன். பனி தள்ளும் வண்டிகளுக்கு இந்த விலக்கு இல்லை.

பரிசோதனைத் தடத்தில் இருநூற்றுப் பதினோரு ஓட்டங்கள் நடத்தினோம். அவற்றில் ஒன்றில்கூட ஒரு வண்டி நடுச்சாலையில் நிற்கவில்லை. தடத்தின் பாதுகாப்பு விதிகளின்படி ஓடுபாதையில் வண்டியை நிறுத்துவது குற்றம்.

சராசரித் தாமதம் நூற்றுப் பத்து மில்லிசெகண்டிலிருந்து முப்பத்தெட்டாக இறங்கியது. அலைவரிசையின் நெரிசல் பாதிக்கும் கீழே போனது. லிண்டால் எல்லோருக்கும் மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரோலும் வரவழைத்தார். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடு மாதிரியே இருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்து சாப்பிட்டோம். ஓட்டுநர்களிடமிருந்து புகார்கள் நின்றுபோயின. வெர்லின் எனக்கு ஒரு வரி எழுதியனுப்பியிருந்தார்: "தூங்குறவன் தூங்குறான். நன்றி, காலேஜு."

இந்த ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை ஏழு நாற்பத்தொன்பது. டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் வேலை பார்த்த மியர்னா ஓட்டசன் என்பவரின் கார் மேட்டின் வளைவில் வழுக்கி, தடுப்புக் கம்பியில் மோதி, பாதையில் குறுக்கே நின்றது. ஒரு நிமிடம் கழித்து அங்கே வந்த வெர்லின், காருக்குப் பின்னால் தன் வண்டியைக் கவசம் போல நிறுத்தினார். அப்படித்தான் செய்ய வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இறங்கிப் போய் நசுங்கியிருந்த கதவை இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் பனிக்குள் மஞ்சள் விளக்கைப் பார்த்தபோது இருபது மீட்டர்தான் மீதமிருந்தது. லாரி பனி தள்ளும் வண்டியை மோதியது. வண்டி முன்னால் உந்தப்பட்டுக் காரை நசுக்கியது. வெர்லின் பள்ளத்தில் தூக்கியெறியப்பட்டார். இடுப்பெலும்பு உடைந்தது, தலையிலும் அடி. மியர்னா ஓட்டசன் இறந்துவிட்டார்.

லாரி ஓட்டுநர் சொன்னது ஒன்றுதான்: "திரையில ஒண்ணுமே காட்டலை. காட்டியிருந்தா மெதுவா வந்திருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. லாரியின் பெட்டியில் வெர்லினிடமிருந்து வந்த செய்தி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஒரு வாரத்துக்குள் எல்லோர் வாயிலும் ஒரே முடிவுதான்: வெர்லின் வயரைப் பிடுங்கியிருக்கிறார். அவர் பிடுங்குவது ஊரறிந்த விஷயம். உணவு விடுதிகளில் அவரே அதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். நெடுஞ்சாலைத் துறை அவரை வேலையிலிருந்து விலக்கி வைத்தது. மாவட்ட வழக்கறிஞர், விசாரணைக் குழுவின் முடிவு வந்தபின் உயிரிழப்புக்குக் காரணமான கவனக்குறைவு என்று வழக்குத் தொடுப்பதாகச் சொல்லியிருந்தார். குழு எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: சம்பவ நேரத்தில் வலையமைப்பு எவ்வாறு இயங்கிக்கொண்டிருந்தது? பதிலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வெர்லினின் பெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து சேர்ந்தது. உறை பிளந்திருந்தது, நினைவகம் பிழைத்திருந்தது. நான் அதைத் திறந்தபோது, அது அன்று அணைந்து கிடந்திருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் உள்ளூர விரும்பினேன். அதை இங்கே மறைப்பதில் பொருளில்லை.

பெட்டி அணைக்கப்படவில்லை. காலை நாலே முக்காலுக்கு விழித்து, நொறுங்கும் கணம் வரை அது பேசிக்கொண்டே இருந்தது. நின்றபின் என் திருத்தம் சொன்னபடியே குரலைத் தாழ்த்திக்கொண்டது. ஏழு ஐம்பது, நாற்பதாவது நொடியிலிருந்து ஏழு ஐம்பத்திரண்டு, பத்தாவது நொடி வரை தொண்ணூறு நொடி. ஐந்து நொடிக்கு ஒன்றாகப் பதினெட்டுச் செய்திகள். முதல் பதினேழு போகும்போது லாரி நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் இருந்தது. பதினெட்டாவது செய்தி புறப்பட்ட அதே கணத்தில் பென்னிங்கின் மேற்கு ஓரத்தில் ஆபத்து விளக்கோடு நின்றிருந்த ஏதோ ஒரு லாரியும் முழுக் குரலில் பேசியிருக்கிறது. இரண்டும் மோதின. இரண்டுமே சேரவில்லை.

பழைய முறை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்கிட்டேன். முழு வலிமையில் அறுநூறு மீட்டர் வரை கேட்டிருக்கும். லாரிக்கு அது முப்பது நொடித் தொலைவு. முப்பது நொடியில் முந்நூறு செய்திகள். இரைச்சலில் முந்நூறில் இருநூற்றைம்பது செத்துப்போனாலும் ஐம்பது மிஞ்சும். ஒன்றே போதும்.

தாள்களை லிண்டாலிடம் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு இரண்டு முறை படித்தார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை யார் யார் பார்த்திருக்காங்க?"

"நீங்க, நான்."

"சரி. அவங்க கேட்ட கேள்வி என்ன?"

"வலையமைப்பு எப்படி ஓடிச்சுன்னு."

"எப்படி ஓடிச்சு?"

"முப்பத்தெட்டு மில்லிசெகண்ட். இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ."

"அது பொய்யா?"

"இல்லை. ஆனா எட்டாத தூரத்துல இருந்த வண்டியை நாம இழப்புல சேர்க்கிறதே இல்லை. எட்டாத தூரத்தை உண்டாக்கினதே நாமதான். அனுப்பாம விட்டதும் இழப்புல வராது. அனுப்ப வேண்டாம்னு சொன்னது நான்."

"சொன்னது நீ இல்லை. ஆய்வுக்கூடம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்." குரலை உயர்த்தாமல் அவர் தொடர்ந்தார். "நவம்பர்ல அதே மேட்டுல பதினோரு லாரி ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னுச்சே, ஒரு கீறல் இல்லாம. எதனால நின்னுச்சு? உன் திருத்தத்தால. இரைச்சல் குறைஞ்சதால. இப்போ நீ போய் இதைப் படிச்சா என்ன நடக்கும்னு நெனக்கிற? ஒரு வரியைத் திருத்துங்கன்னா சொல்வாங்க? எல்லாப் பெட்டியையும் கழற்றுங்கன்னு சொல்வாங்க. அடுத்த புயல்ல அந்தப் பதினோரு பேருக்கு யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இன்றும் இருக்கிறது. என்னால் அதை மறுக்க முடிந்திருந்தால் எல்லாம் எளிதாக இருந்திருக்கும்.

"வெர்லின்?"

"வெர்லின் பெட்டியை அணைச்சார்னு நாம எங்கயும் எழுதப் போறதில்லை. 'அந்த வண்டியிலிருந்து எந்த வண்டியும் செய்தி பெறவில்லை.' அவ்வளவுதான். அதுல ஒரு சொல் தப்பு இருக்கா, சொல்லு."

ஒரு சொல்லும் தப்பில்லை. அந்த வாக்கியத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். நல்ல வாக்கியம், எந்தப் பக்கமிருந்து தட்டினாலும் ஓசை எழாது. ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க அதில் குற்றச்சாட்டே தேவைப்படவில்லை. படிக்கிறவர்கள் மீதியைத் தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள். திருத்தத்திலுள்ள பிழையைச் சத்தமின்றிச் சரிசெய்யும் வேலையை லிண்டால் அன்றே இன்னொருவரிடம் கொடுத்தார். வசந்தத்துக்குள் எல்லாப் பெட்டிகளிலும் அது மாறிவிடும். யாருக்கும் காரணம் சொல்லப்படாது.

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் நான் வெர்லின் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அப்போது எனக்குத் தெளிவில்லை. அவர் மனைவி டார்லா கதவைத் திறந்தார். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகும் வாசனை வந்தது.

"வா. உள்ள ஒரு ராஜா படுத்திருக்கார். எழுந்திரிக்க மாட்டார், ஆனா எல்லாத்தையும் அதிகாரம் பண்ணுவார்."

"காது கேக்குது எனக்கு" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

கூடத்தின் நடுவே மருத்துவமனைக் கட்டில் போட்டிருந்தது. வெர்லினின் கழுத்து சுருங்கியிருந்தது. இடது கண்ணோரம் மஞ்சள் பூத்த காயம்.

"என்ன காலேஜு, நான் செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா?"

"எப்படி இருக்கீங்கன்னு பார்க்க வந்தேன்."

"உள்ள நாலு ஸ்க்ரூ போட்டிருக்கான். கட்டில்ல திரும்பினா கிறீச்சுங்குது. டார்லாவுக்கு வீட்டுல எண்ணெய் போட இன்னொரு சாமான் கிடைச்சிருக்கு."

டார்லா சிரிக்கவில்லை. காபியை என் முன் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"நாளைக்கு நானும் பேசணுமாம்" என்றார் வெர்லின். "என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டிருக்கேன். அந்தக் கதவு ஞாபகம் இருக்கு. அந்தம்மா முகம் ஞாபகம் இருக்கு. 'என் பை பின் சீட்டுல இருக்கு, நோயாளிங்க காத்திட்டிருக்காங்க'ன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. காலையில வண்டியில ஏறினதுகூட இல்லை. டாக்டர் சொல்றான், அது திரும்பி வராதாம்."

"பெட்டி?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். புடுங்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியலை. முன்னாடி நூறு தடவை புடுங்கியிருக்கேன். கை தானாப் போகும். நீ சரி பண்ணதுக்கு அப்புறம் புடுங்கலைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். ஆனா யாருக்கும் ஒண்ணும் வரலைங்கிறாங்களே." கூரையைப் பார்த்தபடி சொன்னார். "நீ அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்ப. அது ஓடிச்சா, ஓடலையா?"

டார்லா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

ஆறு ஆண்டுப் பழக்கம் எனக்கு முன்பாகவே பதில் சொல்லிவிட்டது.

"உங்க வண்டியிலிருந்து எந்த வண்டிக்கும் செய்தி வரலை, வெர்லின்."

அவர் மெதுவாகத் தலையசைத்தார். நெடுநாள் வலித்த இடத்தை வைத்தியர் தொட்டுக் காட்டிவிட்டதைப் போல அவர் முகம் தளர்ந்தது.

"அப்போ நான்தான்."

"வாயை மூடு" என்றார் டார்லா. "உனக்குத்தான் ஞாபகம் இல்லையே."

"ஞாபகம் இல்லாதவன் வேற என்ன பண்றது, டார்லா? படிச்சவ சொல்றா. அவளுக்கு என்மேல என்ன கோபம்? நாளைக்கு நானே சொல்லிடுறேன். அந்தம்மாவோட அக்கா வருவாங்களாம். யார் பண்ணாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

நான் காபியைக் குடித்து முடித்தேன். வாசலில் டார்லா என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையை உடனே விடவில்லை. என் முகத்தில் எதையோ தேடினார். நான் பூட்ஸின் நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டேன்.

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் நடந்தது. ஊரில் அத்தனை பேர் உட்கார வேறு இடமில்லை. குழுவில் ஐந்து பேர், வளையத்துக்குக் கீழே நீண்ட மேசை. முதல் வரிசையில் மியர்னா ஓட்டசனின் அக்கா, மடியில் கைப்பையைப் பிடித்தபடி. எனக்குப் பக்கத்தில் லிண்டால். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை. பின்வரிசைகளில் பனி தள்ளும் ஓட்டுநர்கள், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு.

வெர்லினைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். குழுத் தலைவி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண்மணி, பெயரையும் பணிக்காலத்தையும் கேட்டார். பின் பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

"எனக்கு அந்தக் காலை ஞாபகம் இல்லைங்க" என்றார் வெர்லின். "ஆனா முன்னாடி புடுங்கியிருக்கேன். எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கும் நான்தான் புடுங்கியிருக்கணும். வேற வழி இல்லை."

"அதை உங்க வாக்குமூலமா எழுதிக்கலாமா, மிஸ்டர் ஸ்டாடர்ட்?"

"எழுதிக்குங்க." பிறகு அவர் முதல் வரிசைப் பக்கம் நாற்காலியைத் திருப்ப முயன்றார், சக்கரம் பலகைத் தரையில் கிறீச்சிட்டது. "அம்மா, உங்க தங்கச்சியை நான் வெளிய எடுக்கப் பார்த்தேன். எடுக்க முடியலை. அதுவும் என்னாலதான், இதுவும் என்னாலதான்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட களைப்புதான் இருந்தது. தவறான விடையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வாழ்நாள் முழுதும் வைத்திருக்கப்போகிறார் என்பது அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து என்னை அழைத்தார்கள். அறிக்கையின் நான்கு பக்கங்களோடு போய் நின்றேன். நினைவகத்தின் பதிவை எதற்காகவோ அவற்றோடு மடித்து எடுத்து வந்திருந்தேன்.

"சம்பவ நேரத்துல வலையமைப்பு எப்படி இயங்கிச்சு?"

"சராசரித் தாமதம் முப்பத்தெட்டு மில்லிசெகண்ட். அனுமதிக்கப்பட்ட அளவு நூறு."

"செய்தி இழப்பு?"

"ஒரு சதவீதத்துக்கும் குறைவு."

"அந்த வண்டியிலிருந்து?"

"அந்த வண்டியிலிருந்து எந்த வண்டியும் செய்தி பெறவில்லை."

"நன்றி, மிஸ் கெஸ்லர். நீங்க உட்காரலாம்."

நான் உட்காரவில்லை. உட்காராமலிருப்பது என்று முடிவெடுத்ததாகவும் நினைவில்லை. தலைவி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது இருக்கா?"

"பெறவில்லைன்னு சொன்னேன். அனுப்பலைன்னு சொல்லலை."

"புரியலை."

"பெட்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு. வெர்லின் புடுங்கலை. அவர் வாக்குமூலம் தப்பு. அவருக்கு அது தெரியாது. எனக்கு மூணு வாரமாத் தெரியும்."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். லிண்டால் என் பெயரைச் சொன்னார், மிகத் தணிந்த குரலில், அதட்டாமல். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அந்தப் பதினோரு லாரிகள் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

"மிஸ் கெஸ்லர்" என்றார் தலைவி, "நீங்க சொல்றது உங்க அறிக்கையில இல்லை."

"இருக்காது. நாங்க வராத செய்தியை எழுத மாட்டோம். எந்த அறிக்கையிலயும் எழுதினதில்லை. இப்போ படிக்கிறேன், பதிவு பண்ணிக்குங்க."

மடித்த தாளைப் பிரித்தேன்.

"நின்ன வண்டி ஐந்து நொடிக்கு ஒரு தடவை பேசினாப் போதும்னு எழுதினது நான். தாழ்ந்த குரல்ல பேசினாப் போதும்னு எழுதினதும் நான். ஆபத்து விளக்குப் போட்டாலும் பனி தள்ளுற வண்டிக்கு விலக்கு இல்லைன்னு எழுதினதும் நான்தான். முதல் செய்தி, ஏழு ஐம்பது, நாற்பதாவது நொடி. யாருக்கும் வரலை. நாற்பதுக்கும் நாற்பத்தஞ்சுக்கும் நடுவுல நாற்பத்தொம்பது செய்தி போயிருக்கணும். போகலை. ரெண்டாவது செய்தி, நாற்பத்தஞ்சாவது நொடி. வரலை. மூணாவது, ஐம்பதாவது நொடி. வரலை."

தலைவியின் பேனா தாளின் மேல் நகரத் தொடங்கியது. நான் நாலாவதைப் படித்தேன்.